புவனாவைத் தவிட்டுக்கு வாங்கப் போன வெள்ளிக்கிழமை

முறத்தில் தவிடு. அம்பத்தூர் மாட்டுத் தீவனக் கடையில் வாங்கி, சலித்து, மஞ்சள் துணி விரித்துக் கொட்டிய தவிடு. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பூந்தமல்லிப் பக்கத்து அம்மன் கோயிலில் நிற்கிறேன்.

ஆடி வெள்ளிக்கிழமை. வேப்பிலை வாசனை, கூழ் கொதிக்கிற வாசனை, ஈரப் புடவையோடு பிரகாரம் சுற்றுகிற பெண்களின் மஞ்சள் வாசனை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

எதிரே கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் லூர்தம்மா, எங்கள் அடுத்த வீட்டுக்காரி. கழுத்தில் சிலுவை. மாதா கோயிலுக்குப் போகும்போது போடுகிற முக்காட்டை இங்கேயும் போட்டிருந்தாள். அம்மன் கோயிலில் எப்படி இருக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த மரியாதையைச் செய்தாள், பாவம்.

அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள் புவனா. என் தங்கை வசந்தாவின் மகள். அப்போது அவளுக்கு ஆறு வயது இருக்கும்.

"கேளும்மா" என்றார் பூசாரி.

நான் கேட்கவேண்டியது ஒரு வார்த்தைதான். "பிள்ளையக் குடுக்கிறியா?" அவள் சொல்லவேண்டியதும் ஒரு வார்த்தைதான். "குடுக்கிறேன், தவிடு போடு."

எனக்கு வாய் வரவில்லை. என் தங்கை பெற்ற பிள்ளையை, ரத்த சம்பந்தம் இல்லாத ஒருத்தியிடம் நான் கேட்டு வாங்கவேண்டுமா? அம்மன் எதிரில் நின்றுகொண்டு அப்படி நினைத்தேன்.

"கேளேன் சரசு! வேலய போட்டுட்டு வந்துகீறேன். கம்பெனிக்காரன் வந்து கத்துவான்" என்றாள் லூர்தம்மா.

தவிடு எதற்கு?

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. சீக்காகவே இருக்கிற பிள்ளை, பயந்த பிள்ளை, தங்குமோ தங்காதோ என்கிற பிள்ளை, இவர்களை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைமேல் பழைய விதிக்கு உரிமை கிடையாது. அது புதுப் பிள்ளை.

எங்கள் விஷயத்தில் பூசாரி கொஞ்சம் மாற்றிச் சொன்னார். "செத்துப்போனவ இன்னும் பிள்ளைய விடல. அவகிட்டேருந்து நீ வாங்கணும். தாய் எடத்துல ஒருத்தி உக்காந்து குடுக்கட்டும். பிள்ளை யார்கிட்ட ஒட்டிக்கினு இருக்கோ அவளே உக்காரட்டும்."

பிள்ளை யாரிடம் ஒட்டிக்கொண்டிருந்தது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும்.

வசந்தா போன விதம்

வசந்தாவைச் செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கொடுத்திருந்தோம். அந்தக் கல்யாணத்தைப் பற்றியும், அவள் புருஷனுடைய சந்தேகக் குணத்தைப் பற்றியும் இந்தத் தொடரில் முன்னமே சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்லவேண்டியது கொஞ்சம்தான்.

ஒரு நாள் காலையில் சண்டை முற்றி, ஐந்து வயசுப் புவனாவை இடுப்பில் தூக்கி, தன் முந்தானையால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கழனிக் கிணற்றில் இறங்கிவிட்டாள். நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தபோது, பிள்ளை மட்டும் பம்புசெட் குழாயைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தானை முடிச்சு அவிழ்ந்திருந்தது.

"ஆத்தாதான் வந்து அவுத்து வுட்டுக்கீறா" என்றாள் அங்கே நின்ற ஒருத்தி.

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள எனக்கு வேறு ஒன்றும் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், பால்காரர், வளையல்காரி, கோயிலில் பக்கத்தில் நின்றவர்கள், எல்லாரிடமும் சொன்னேன். "அம்மன் அவுத்து விட்ட பிள்ளை." புவனா பக்கத்திலேயே நிற்பாள். அவள் தலையைத் தடவிக்கொண்டே சொல்வேன். கேட்டவர்கள் அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

எனக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். வசந்தாவுக்குப் பெண் பிறந்தபோது பார்க்கப் போய்விட்டு, திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். அவளுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே என்று. அந்தப் பெண் இப்படி என் வீட்டுக்கு வந்து சேரும் என்று யார் நினைத்தார்கள்?

வந்தவளை இறுக்கி அணைத்துக்கொண்டேன். கடித்தாள்.

எல்லாரும் தண்ணீரைத்தான் சொன்னார்கள். கிணற்றடிக்கு விடாதே, வாளி நிறைய வைக்காதே என்றார்கள். ஆனால் அவள் தண்ணீரைக் கண்டு பயப்படவில்லை. அண்டாவில் கையை விட்டு அளைவாள். மழையில் நனைவாள். என்னைக் கண்டுதான் பயந்தாள்.

பின்னாலிருந்து தூக்கினால் உடம்பு கட்டையாகிவிடும். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். பள்ளிக்கூடத்தில் இன்று படித்த எழுத்து நாளைக்கு இருக்காது. "மந்தமா இருக்காம்மா" என்றார் டீச்சர். தர்காவில் ஓதித் தாயத்துக் கட்டினோம். செவ்வாய், வெள்ளி சுற்றிப் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தூக்கத் தூக்க அதிகமானது.

பிசிறு வெட்டுகிற வீடு

நாங்கள் இருந்தது அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எஸ்டேட்டை ஒட்டிய ஒரு காம்பவுண்டு. வரிசையாக வீடுகள், பின்பக்கம் குழாய். என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் தகடு வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் இருந்தார். அடுத்த சுவரில் லூர்தம்மா. புருஷன் இல்லை. இரண்டு பையன்கள் வெல்டிங் வேலைக்குப் போய்விடுவார்கள்.

கம்பெனியிலிருந்து அவளுக்கு மூட்டை மூட்டையாக ரப்பர் வாஷர் வரும். அச்சிலிருந்து எடுத்த வாஷரைச் சுற்றி, தோசை ஓரம் மாதிரி மெல்லிசாகப் பிசிறு ஒட்டியிருக்கும். அதைக் கத்தரியால் சுற்றி வெட்டி எடுக்கவேண்டும். வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து நாள் முழுக்க வெட்டுவாள். வாய் ஓயாது. கம்பெனிக்காரனை, கரண்ட்காரனை, ரேஷன் கடைக்காரனை, தன் மகன்களைத் திட்டிக்கொண்டே இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் திட்டமாட்டாள்.

புவனா அங்கே போய் உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் கூப்பிடவில்லை. ஒரு நாள் போனாள். கீழே விழுந்த பிசிறைப் பொறுக்கி ஒரு குவியலாக வைத்தாள். மறுநாளும் போனாள். அப்புறம் காலையில் கண்ணைத் திறந்தால் அங்கேதான்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? விரதம் இருப்பது நான். மண்சோறு சாப்பிட்டது நான். பூந்தமல்லிக் கடைத்தெருவில் ரிப்பன் வாங்கி வந்து, அவள் தூங்குகிற நேரம் பார்த்துப் பின்னிவிடுவது நான். அந்த ரிப்பனை அவிழ்த்து வாஷர் கோக்கக் கொடுத்துவிடுவாள். அதிரசம் சுட்டால் இரண்டு எடுத்துக்கொண்டு போவாள். ஒன்று அவளுக்கு, ஒன்று லூர்தம்மாவுக்கு.

ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை பேசுகிற குரல் கேட்டது. என் வீட்டில் 'ம்' என்பதைத் தவிர வாய் திறக்காதவள், அங்கே கதை மாதிரி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். சுவரில் காதை வைத்துக் கேட்டேன். வார்த்தை புரியவில்லை. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

அன்றைக்கே போய்க் கேட்டுவிட்டேன்.

"என்ன வச்சு மயக்கின என் பிள்ளைய?"

லூர்தம்மா கத்தரியை வைக்காமலே நிமிர்ந்தாள். "மயக்கறனா? இன்னா வச்சு? இந்த ரப்பர் நாத்தத்த வச்சா?"

"ஜெபம் கிபம் பண்ணியா?"

"எம் புள்ளைங்களுக்கே ஜெபம் பண்ண நேரம் கெடைக்கல. உன் புள்ளைக்கு வேற தனியா பண்ணுவாங்களா? போ சரசு."

"பின்ன ஏன் இங்கயே வந்து உக்காருது?"

"அத எங்கிட்ட கேட்டா? நான் அத தொட்டதுகூட இல்ல. கையப் பாரு" என்று விரித்துக் காட்டினாள். உள்ளங்கை ரேகையெல்லாம் கறுப்பு. "இந்தக் கைய வச்சுகினு புள்ளயத் தொட்டா, நீ என்னிய வுடுவியா? அது பாட்டுக்கு வந்து குந்திகினு கீது. நான் பாட்டுக்கு வெட்டிகினு கீறேன்."

ஒன்றும் செய்யவில்லை என்கிறாள்! எல்லாம் செய்தவள் நான். பிள்ளை போனது ஒன்றும் செய்யாதவளிடம்.

வீட்டுக்காரரிடம் அழுதேன். "அங்க சிரிக்குதில்ல? சிரிக்கட்டும், விடேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னது இன்னும் எரிந்தது. லூர்தம்மா என்கிற பேரிலேயே ஒரு அம்மா இருப்பதுகூட எனக்குப் பொறுக்காமல் போன காலம் அது.

மடியில் தவிடு, இடுப்பில் பிள்ளை

கதையில் மறுபடி கோயிலுக்கே வருகிறேன். கடைசியில் கேட்டேன்.

"பிள்ளையக் குடுக்கிறியா?"

"குடுக்கறேன். தவுடு போடு."

முறத்தைச் சாய்த்தேன். மடியை விரித்து வாங்கிக்கொண்டாள். இனி நான் பிள்ளையை இடுப்பில் தூக்கி, முந்தானையால் சேர்த்துக் கட்டி, திரும்பிப் பார்க்காமல் பிரகாரம் சுற்றவேண்டும். பூசாரி அப்படித்தான் சொல்லியிருந்தார். கட்டுவதில்தான் பலன் என்றார்.

தூக்கினேன். முந்தானையைச் சுற்றி, இடுப்பில் ஒரு முடிச்சுப் போட்டேன்.

அவள் அழவில்லை. மரக்கட்டை மாதிரி ஆனாள். அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது என் விலா எலும்பில் இடித்தது. நாலடி நடந்திருப்பேன். குனிந்து என் இடுப்பில் பல்லை வைத்தாள். கடிக்கிறாள் என்று நினைத்து இன்னும் இறுக்கிக்கொண்டேன். கண் மேலே செருகியது.

"ஆத்தா எறங்கிட்டா!" என்று யாரோ கத்தினார்கள். குலவை எழுந்தது. சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி வேப்பிலையை அவள் முகத்தில் வீசினாள். பூசாரி ஓடி வந்தார். "யாரும்மா நீ? ஆத்தாவா? வசந்தாவா? சொல்லு!"

அந்த இரைச்சலுக்கு நடுவே லூர்தம்மாவின் குரல். "அய்யே! எறக்கி வுடு சரசு! புள்ள பயந்து மூத்திரம் பூட்டுச்சு, தெரில? ஆத்தாவாம் ஆத்தா! எறக்குடி!"

அப்போதுதான் என் புடவை நனைந்து, காலில் சூடாக வழிவது தெரிந்தது. இடுப்பில் தூக்கி, முந்தானையால் கட்டி, நடந்து போவது. இதே பிள்ளையை இதேபோல யார் கட்டித் தூக்கிக்கொண்டு போனது என்று எனக்கு உறைத்தது. முடிச்சை அவிழ்க்க வரவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு பெண்தான் அவிழ்த்துவிட்டாள்.

இறக்கிவிட்டதும் புவனா ஓடினாள். என்னிடம் இல்லை, அம்மனிடமும் இல்லை. லூர்தம்மாவை ஒட்டிப் போய் உட்கார்ந்து வெடவெடவென்று நடுங்கினாள். லூர்தம்மா அவளை அணைக்கவில்லை. மடித் தவிடு கொட்டிவிடுமே என்று இரண்டு கையாலும் புடவையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஊட்டுக்குப் போலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர்கள் இருவரும் முன் சீட்டில். நான் பின் சீட்டில், ஈரப் புடவையோடு. வாங்கினவள் நான். பிள்ளையை அழைத்துக்கொண்டு போகிறவள் விற்றவள்.

டாக்டரம்மா சொன்ன மணி

அதற்குப் பிறகுதான் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பிள்ளைகளின் மனசுக்கென்று ஒரு டாக்டரம்மா இருந்தார். என் வயதுதான் இருக்கும். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இவளுக்குத் தண்ணியில பயம் இல்லம்மா. கட்டிப் பிடிக்கிறதுலதான் பயம்" என்றார். "நீங்க வீடு கட்டுறத பாத்திருக்கீங்களா? சுவத்துல ஒயர் இழுப்பாங்களே?"

"பாத்திருக்கேன்."

"அஞ்சு வயசு மூளைன்னா அப்படித்தான். இன்னும் ஒயர் இழுத்துக்கிட்டிருக்கிற வீடு. அந்த நேரத்துல அவ்ளோ பெரிய பயம் வந்தா, எல்லா ஒயரும் ஆபத்து மணியிலயே போய் மாட்டிக்கும். அப்புறம் எந்த சுவிட்ச போட்டாலும் மணி அடிக்கும். நீங்க அன்பாத்தான் தூக்கறீங்க. அவளுக்கு உள்ள மணி அடிக்குது. அது பழைய பயம், முடிஞ்சு போச்சுன்னு அந்த மூளைக்குத் தெரியாது. இப்பவும் கிணத்துலதான் இருக்கா."

"படிப்பு ஏறலியே டாக்டரம்மா? மந்தம்ங்கிறாங்க."

"மணி அடிச்சுக்கிட்டே இருக்கிற வீட்டுல உக்காந்து உங்களால படிக்க முடியுமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் எட்டாவது வரை படித்தவள். மூளையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் அது புரிந்தது.

"பயப்படாதீங்க. ஒயர் இன்னும் இழுத்து முடியல, சின்னப் பிள்ளை. மாத்தி இழுக்கலாம். ஆனா ஒரே நாள்ல நடக்காது. திடீர்னு தூக்காதீங்க. தொடுறதுக்கு முன்னாடி கேளுங்க. தினமும் ஒரே மாதிரி நடக்கட்டும். அந்த அடுத்த வீட்டு அம்மா பக்கத்துல மணி அடிக்கல போலிருக்கு. அங்க போகட்டும், தடுக்காதீங்க."

மருந்துச் சீட்டில் 'லூர்தம்மா, தினம் மூன்று வேளை' என்று எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

எழுந்திருக்கும்போது டாக்டரம்மா கேட்டார். "உங்க தங்கச்சி உங்கள மாதிரி இருப்பாங்களா?"

"ரெட்டைப் பிள்ளைங்களான்னு கேப்பாங்க."

"அந்த முகமும் ஒரு சுவிட்சுதான்" என்று சொல்லிவிட்டு, புவனாவுக்கு ஒரு பென்சில் கொடுத்தார்.

நானும் ஒரு கத்தரி வாங்கினேன்

பிள்ளை என்னிடம் வராவிட்டால், பிள்ளை இருக்கிற இடத்துக்கு நான் போகிறேன். அப்படி வைராக்கியம் வந்தது. கத்தரி வாங்கிக்கொண்டு லூர்தம்மா வாசலில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னாமே, எம் பொழப்புலயும் மண்ணா?" என்றாள்.

"உன் கூலி உனக்கு. நான் சும்மா வெட்டுறேன்."

"சும்மா வெட்டறியா? அப்ப டெய்லி வா, மவராசி!"

தினமும் போனேன். சமையல் முடித்து, விளக்கேற்றி, கும்பிட்டுவிட்டு, அங்கே. முதலில் வாஷரோடு விரலையும் வெட்டிக்கொண்டேன். புவனா என்னைப் பார்த்ததும் லூர்தம்மாவுக்கு அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்தாள். ரொம்ப நாள் அப்படித்தான். நான் கை நீட்டவில்லை. நீட்டாமல் இருப்பது எந்த விரதத்தையும்விடக் கஷ்டமாக இருந்தது. "புவனா, தலை வாரட்டுமா?" என்று கேட்பேன். "ம்ஹூம்" என்பாள். சரி என்பேன். மறுநாள் மறுபடியும் கேட்பேன்.

ஒரு நாள் சீப்பை அவளே எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்தாள். அன்று சாயங்காலம் அம்மனுக்குப் பொங்கல் வைத்தேன்.

எழுத்து மெல்லத் தங்க ஆரம்பித்தது. குக்கர் விசிலுக்குக் காதை மட்டும் பொத்திக்கொள்வாள். காம்பவுண்டில் டி.வி. வந்தது. எஸ்டேட்டில் சில கம்பெனிகளை மூடினார்கள், சிலதைத் திறந்தார்கள். புவனா பெரிய வகுப்புக்குப் போனாள். ஆனாலும் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பை இறங்குவது லூர்தம்மா வாசலில்தான். எனக்கும் எரிச்சல் விட்டபாடில்லை.

ஒரு முற்பகல்

லூர்தம்மா என் வீட்டுக்கு வரமாட்டாள். வாசலில் நின்றே கத்துவாள். அன்று உள்ளே வந்து, கதவைச் சாத்தினாள்.

"சரசு, உக்காரு. அது ஒண்ணு சொல்லிச்சு."

"எது?"

"உன் புள்ளதான். கெணத்துல அம்மன் அவுக்கலியாம். அதுதான் அவுத்துச்சாம். பல்லால கடிச்சு அவுத்துட்டு, கொழாயப் புடிச்சுகிச்சாம். அவங்கம்மா கீழ பூட்டாங்களாம். தான் அவுக்காம இருந்திருந்தா அம்மா செத்திருக்க மாட்டாங்கன்னு நெனச்சுகினு கீது சரசு. இத்தன வருஷமா."

கூடப் பிறந்த தங்கையை நினைத்து அழவேண்டிய நேரம். என் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"இத ஏன் உங்கிட்ட சொன்னா?"

லூர்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீ அவ அம்மாவுக்கு அக்காவாச்சே. உன் தங்கச்சிய நான் வுட்டுட்டேன்னு உங்கிட்ட எப்படிச் சொல்லும்? அதோட, நீ ஊரெல்லாம் அம்மன் அவுத்தா, அம்மன் அவுத்தான்னு சொல்லிகினு கீற. இது வாயத் தொறந்தா சாமி பொய்யாப் பூடும்ல? நான் ஆரு? நான் உங்க வசந்தாவ பாத்ததே இல்லியே."

கோயிலில் அவள் கடித்தது என்னை இல்லை, முடிச்சை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

புவனா பின்பக்கக் குழாயடியில் பள்ளிக்கூடத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். போய், தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

"முடிச்ச நீதான் அவுத்தியாம்மா?"

கை நின்றது. தலை நிமிரவில்லை. "ம்."

"நல்ல வேலை பண்ணடி."

"அம்மன்தான் அவுத்துச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க."

"ஆமா, அம்மன்தான். இப்பவும் அதத்தான் சொல்லுவேன். அம்மன் பின்ன எங்கேருந்து வருவா, ஆகாசத்துலேருந்தா? உன் பல்லுல வந்து உக்காந்தா. நீ அவுக்கலன்னா ரெண்டு பேரும் போயிருப்பீங்க. உங்கம்மா போனது நீ அவுத்ததால இல்ல."

நுரையைக் கையால் வழித்து எறிந்தாள். மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் கேட்டாள்.

"எம்மேல கோவம் இல்லியா பெரிம்மா?"

"கோவம் இருந்துச்சு. இல்லன்னா அது பொய். உம்மேல இல்ல. லூர்தம்மா மேல."

நிமிர்ந்து பார்த்தாள். "அவங்க மேல ஏன்?"

"உன்ன எங்கிட்ட விடாம வச்சுக்கினா இல்ல?"

"அவங்க எங்க வச்சுக்கினாங்க? நான்தான போனேன்?"

"அதான்டி எரியுது எனக்கு!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் நிற்கும்போதே வந்துவிட்டது. வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. எனக்கும் வந்தது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, இரண்டு பேரும் மூடவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. "இன்னாடி அங்க சிரிப்பு, எனக்குத் தெரியாம? இன்னாடி சொல்றா உன் பெரிம்மா?"

புவனா என்னைப் பார்த்தாள். அப்புறம் சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல லூர்தம்மா."

என்ன சிரிப்பு என்று கடைசி வரைக்கும் அவளிடம் புவனா சொல்லவில்லை.